நினைவகமும் முகவரியும்

கற்றவற்றுள் எவ்வளவு நினைவில் நிற்கின்றது என்பதைக் கொண்டே மாணவனொருவனின் ஆற்றலை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மனிதனை அளந்த அதே கோலைக் கொண்டு இன்று கணினியையும் அளக்கின்றோம். “நினைவகம் எவ்வளவு?” என்பதே கணினி வாங்கப் புகுவோர் பலர் முதலிற் கேட்கும் வினா. வாங்கிய கணினி நாளடைவில் தளர்ந்து நடக்கத் தொடங்கின், நினைவகத்தைக் கூட்டுக, அது மீண்டும் இளமை பெறும் என அயலார் அறிவுரை கூறுவர். அவ்வறிவுரை பெரும்பாலும் பொருத்தமானதே. ஆயினும் நினைவகத்தைக் கூட்டுதல் என்பது, கடகத்தில் உள்ள நெல்லோடு மேலும் ஒரு கொத்து நெல்லைக் கொட்டுதல் போன்ற எளிய கருமம் அன்று. அஃது எத்தகையது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளக்கத்தைத் தேடுமாறு என்னைத் தூண்டியது என் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. எம்மிடம் இருந்த பழைய கணினியில் 2 கிகாபைற்று நினைவகம் இருந்தது. பிள்ளைகளின் கல்வித் தேவையை முன்னிட்டு, அதனை நீக்கி, இரண்டு கிகாபைற்றுப் பலகைகள் இரண்டினை வாங்கிப் பொருத்தினேன். நான்கு தோன்றும் என எதிர்பார்த்த திரையில் 3.25 என்னும் எண்ணே தோன்றியது. கடைக்காரர் குறையுள்ள பொருளைத் தந்துவிட்டார் என்று உடனே முடிவு செய்தேன். மறுநாட் சென்று, பிறர் கேட்கத்தக்கதாகச் சில கடுஞ்சொற்களையும் கூறினேன். அவர் மறுமொழி பகராது, அவ்விரு பலகைகளையும் தம்மிடமிருந்த வேறொரு கணினியில் இட்டுக் காட்டினார். அங்கே நான்கும் குறைவின்றித் தோன்றின. காரணம் யாதென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அமைதியாகக் கேட்கத் தெரியவில்லை. யானோ கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பிப்பவன். பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் சென்று முறையிட்டபோது, அவர் என் கணினியைப் பற்றி ஒன்றும் கூறாது, 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சிறு கணினியைப் பற்றிக் கூறத் தொடங்கினார். அவர் காட்டிய வழியிலேயே இக்கட்டுரையும் செல்கின்றது.

நினைவகத்தின் அமைப்பு

கணினியின் நினைவகம் வரிசையாக அமைந்த சிறுசிறு அறைகளின் தொகுதியாகும். ஒவ்வோர் அறையிலும் ஒரு பைற்று அளவான செய்தி தங்கும். ஒரு பைற்று என்பது எட்டுப் பிற்றுகள். ஒரு பிற்று என்பது 0, 1 என்னும் இரண்டனுள் ஒன்று. ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கமே அதன் முகவரி. கணினியின் மூளையெனத் தக்க முறைவழியி, ஓர் அறையில் எழுதவோ அதனை வாசிக்கவோ விரும்பின், முதற்கண் அதன் முகவரியைக் கூறுதல் வேண்டும்.

அம்முகவரி கம்பிகளின் வழியே செல்கின்றது. கம்பியொன்று மின்னழுத்தம் உயர்ந்த நிலையில் 1 என்பதையும், தாழ்ந்த நிலையில் 0 என்பதையும் குறிக்கும். ஒரே கம்பி இருப்பின் இரண்டு அறைகளை மட்டுமே வேறுபடுத்திச் சுட்டலாம். இரண்டு கம்பிகளால் நான்கு. மூன்று கம்பிகளால் எட்டு. இவ்வாறு கம்பியொன்று கூடுந்தோறும் அறைகள் இருமடங்காகும். பத்துக் கம்பிகளால் 1,024 அறைகளையும், 16 கம்பிகளால் 65,536 அறைகளையும் சுட்டலாம். 1,024 பைற்றுகளை ஒரு கிலோபைற்று என்பர். ஆகவே, 16 கம்பிகள் எட்டத்தக்க எல்லை 64 கிலோபைற்று ஆகும். இக்கணக்கினை மாணவர் மனத்திற் கொள்க. பின்னர் வருவனவற்றிற் பெரும்பகுதி இதனுள் அடங்கும்.

நினைவகம் பயனால் இருவகைப்படும். ஆக்கியோர் எழுதிவைத்ததை வாசித்தற்கு மட்டும் உரியது ஒன்று. எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் இடந்தருவது மற்றொன்று. முன்னையது கல்லில் வெட்டிய எழுத்தைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அழியாது. பின்னையது கரும்பலகை எழுத்தைப் போன்றது. மின்சாரம் நின்றவுடன் துடைக்கப்பட்டுவிடும். நாம் கூட்டுவதும் பெருக்குவதும் இப்பின்னையதனையே.

ஒரு கிலோபைற்றுக் கணினி

கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த கிளைவ் சிங்கிளேயரின் நிறுவனம் 1981ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இசெட் எக்ஸ் 81 என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது. முழுமையாகப் பொருத்தப்பட்டதன் விலை 69 பவுண் 95 பென்ஸ். உறுப்புகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோர்க்கு 49 பவுண் 95 பென்ஸ். கணினி என்பது பெருநிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரியதென்று எண்ணப்பட்ட காலத்தில், எளிய குடும்பத்து மாணவனும் அதனைத் தன் மேசைமேல் வைத்துக் கற்க இவ்விலை வழிவகுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விற்பனையாயின.

ஆயின், விலை குறைந்தமைக்கு ஈடாக நினைவகமும் குறைந்தே இருந்தது. வாசிப்புக்குரிய நினைவகம் 8 கிலோபைற்று. எழுதுதற்குரியதோ ஒரே ஒரு கிலோபைற்று. அந்த 1,024 அறைகளுள் 125 அறைகளைக் கணினி தன் சொந்தக் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்ளும். திரையில் 24 வரிகள். வரிக்கு 32 எழுத்துகள். அவற்றையும் வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து எழுதிவைக்க 793 அறைகள் வேண்டும். இவ்விரண்டும் போக எஞ்சுவன 106 அறைகளே. அவற்றுள் ஒரு செய்நிரலை எங்ஙனம் அடக்குவது? அமைத்தோர் ஓர் உபாயஞ் செய்தனர். நினைவகம் சிறிதாயின், திரையில் எழுதப்பட்ட பகுதிக்கு மட்டும் அறை ஒதுக்கி, வெற்றிடத்துக்கு ஒதுக்காது விட்டனர். திரையை நிரப்பினாற் செய்நிரலுக்கு இடமில்லை. செய்நிரலை வளர்த்தால் திரைக்கு இடமில்லை. இந்நெருக்கடியிலும் டேவிட் ஹோண் என்பார் 672 பைற்றுகளுள் சதுரங்கம் ஆடும் செய்நிரலொன்றை ஆக்கினார். சதுரங்க விதிகள் சில அதில் விடுபட்டமை உண்மையே. எனினும் அச்செய்நிரல் இன்றும் வியப்புக்குரியதாகப் பேசப்படுகின்றது. வறுமை சிலரிடத்துத் திறமையை வளர்க்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆனாற் பலர்க்கு வறுமை வறுமையே. அவர்கள் நினைவகத்தைப் பெருக்கும் வழியை நாடினர்.

பெருக்கமும் நடுக்கமும்

அதற்கென 16 கிலோபைற்று நினைவகப் பெட்டி ஒன்று விற்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் விலை 49 பவுண் 95 பென்ஸ். அதாவது உறுப்புகளாக விற்கப்பட்ட கணினியின் விலையும் நினைவகத்தின் விலையும் ஒன்றே. கணினியின் பின்புறத்தே நீட்டிக்கொண்டிருந்த சுற்றுப்பலகையின் ஓரத்தில் அப்பெட்டியைச் செருகுதல் வேண்டும். செருகியவுடன் உள்ளிருந்த ஒரு கிலோபைற்று ஓய்வு பெறும். புதிய பதினாறே தொழிற்படும். ஆகவே மொத்தம் பதினேழன்று, பதினாறே.

இப்பெட்டியில் ஒரு பெருங்குறை இருந்தது. அதனை இறுகப் பிடிக்கும் பூட்டோ திருகாணியோ இல்லை. கணினியின் விசைப்பலகை தட்டையானது. எழுத்துகளை விரலால் அழுத்தும்போது கணினியின் உடல் சற்றே அசையும். அவ்வசைவாற் பின்னிருந்த பெட்டி நடுங்கும். ஒரு கணம் தொடர்பு அற்றுவிடும். அவ்வொரு கணமே போதும். இரண்டு மூன்று மணிநேரம் இருந்து எழுதிய செய்நிரல் முழுவதும் மறைந்துபோகும். இதற்கு அஞ்சி, ஒட்டுக்களியாலும் ஒட்டுநாடாவாலும் பெட்டியைக் கணினியோடு பிணைத்து வைத்தோர் பலர். நினைவகம் எத்துணைப் பெரிதாயினும், இணைப்பு உறுதியற்றதாயின் பயனில்லை என்பது இதனால் அறியப்படும். இன்றைய கணினியிலும் புதிய நினைவகப் பலகையை இட்டபின் திரை இருண்டே இருப்பின், பலகை பழுது என முடிவு செய்தற்குமுன், அதனைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகிப் பார்த்தல் நன்று.

மீட்டலின் இன்றியமையாமை

ஒரு கிலோபைற்று இருந்த இடத்திற் பதினாறு வந்தமைந்தது எங்ஙனம்? கணினியின் உள்ளிருந்த நினைவகம் நிலையியல் வகையைச் சார்ந்தது. அதில் ஒவ்வொரு பிற்றையும் காக்கப் பல திரான்சிற்றர்கள் வேண்டும். பெட்டியினுள் இருந்ததோ இயக்கவியல் வகை. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ரொபேட் டெனாட் 1966ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். 1968ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஒரு பிற்றுக்கு ஒரே திரான்சிற்றரும் ஒரு சிறு கொள்ளளவியும் போதும் என்பதே அவர் கண்ட உண்மை. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் அதனை 1 எனவும், இல்லையாயின் 0 எனவும் கொள்ளலாம். உறுப்புகள் குறைந்தமையால் ஒரே சில்லில் மிகப் பல பிற்றுகளை அடக்க முடிந்தது.

ஆயினும் அக்கொள்ளளவி ஓட்டைக் குடத்தைப் போன்றது. அதில் நிறைத்த மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசிந்துபோகும். முற்றுங் கசிவதன்முன் அதனை வாசித்து மீண்டும் நிறைத்தல் வேண்டும். அக்காலத்து 16 கிலோபிற்றுச் சில்லின் 128 வரிசைகளையும் 2 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இவ்வாறு புதுப்பித்தல் விதியாக இருந்தது. இசெட் 80 என்னும் முறைவழியி, ஒவ்வொரு கட்டளையையும் பெற்றபின் கிடைக்கும் சிறு இடைவேளையில் ஒரு வரிசையைப் புதுப்பிப்பதற்கான முகவரியைத் தானே அனுப்பும் ஆற்றல் வாய்ந்தது. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர் பாடத்தை மீட்டுதல் போன்றது இச்செயல். வேறுபாடு யாதெனின், மாணவர் தவணைக்கு ஒருமுறை மீட்டுவர். கணினியோ ஒரு செக்கனில் ஐந்நூறு முறை மீட்டும். இன்று நம் வீடுகளிலுள்ள கணினிகளின் நினைவகப் பலகைகளும் டெனாட் கண்ட அதே வகையினவே. அவையும் ஓயாது மீட்டிக்கொண்டே இருக்கின்றன.

பழுதிலிருந்து பயன்

1982ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதே நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைற்று உடையதன் விலை 125 பவுண். 48 கிலோபைற்று உடையதன் விலை 175 பவுண். சிறியதை வாங்கியோர் பின்னர் மேலும் 32 கிலோபைற்றை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு சேர்க்கப்பட்ட சில்லுகளின் வரலாறு சுவையானது. 64 கிலோபிற்றுச் சில்லுகளை ஆக்குங்கால், சில சில்லுகளின் ஒரு பாதி பழுதுபட்டும் மறுபாதி செம்மையாகவும் அமைந்துவிடும். அவற்றை வீசிவிடாது, 32 கிலோபிற்றுச் சில்லுகள் எனக் குறைந்த விலைக்கு விற்றனர். சிங்கிளேயரின் கணினி அவற்றையே ஏற்றுக்கொண்டது. எட்டுச் சில்லுகள் சேர்ந்து 32 கிலோபைற்று ஆகும். ஆயின், அவ்வெட்டிலும் ஒரே பாதி நல்லதாக இருத்தல் வேண்டும். எப்பாதி என்பதைக் கணினிக்கு உணர்த்தச் சுற்றுப்பலகையில் ஒரு சிறு கம்பியை உரிய இடத்தில் இணைத்தனர். நல்ல பாதியின் முகவரியை அறிந்தமையாலேயே பழுதுற்ற பொருளும் பயன்பட்டது.

எல்லையும் உபாயமும்

ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 48 கிலோபைற்று என்னும் அளவு ஏன் வகுக்கப்பட்டது? அதன் முறைவழியியும் இசெட் 80 தான். அதற்கு முகவரிக் கம்பிகள் பதினாறு. எல்லை 64 கிலோபைற்று. வாசிப்புக்குரிய நினைவகம் அவ்வெல்லையுள் 16 கிலோபைற்றை எடுத்துக்கொள்கின்றது. எஞ்சுவது 48. அதற்குமேற் சில்லுகளைச் சேர்த்தாற் பயன் என்ன? சேர்க்கலாம், ஆனாற் சுட்ட முடியாது. இலக்கம் இல்லாத வீட்டுக்கு எழுதிய கடிதத்தைத் தபாற்காரர் யாரிடஞ் சேர்ப்பிப்பார்?

எனினும் மனிதன் இவ்வெல்லையோடு அமைந்துவிடவில்லை. 1985ஆம் ஆண்டில் ஸ்பெயினிலும், 1986ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும் 128 கிலோபைற்று ஸ்பெக்ட்ரம் விற்பனைக்கு வந்தது. முறைவழியியோ அதே இசெட் 80. கம்பிகளும் அதே பதினாறு. இஃது எங்ஙனம் இயன்றது? பாடசாலை உதாரணம் ஒன்றால் இதனை விளக்கலாம். கல்லூரியில் ஆய்வுகூடம் ஒன்றே உளது; வகுப்புகளோ எட்டு. எட்டு ஆய்வுகூடங்களைக் கட்ட இடமில்லை. ஆகவே நேரசூசி வகுத்து, ஒவ்வொரு பாடவேளையில் ஒவ்வொரு வகுப்பை அதே அறைக்கு அனுப்புகின்றோம். அறையின் இலக்கம் மாறுவதில்லை, உள்ளிருப்போர் மாறுகின்றனர். அவ்வாறே 128 கிலோபைற்றும் பதினாறு பதினாறாக எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 49152 என்னும் முகவரி முதலாகவுள்ள மேற்பகுதியில் அவ்வெட்டனுள் ஒன்று மட்டுமே ஒரு வேளையில் தோன்றும். எப்பகுதி தோன்றல் வேண்டும் என்பதைச் செய்நிரல் தானே கட்டளையிட்டு மாற்றுதல் வேண்டும். இவ்வுபாயத்தை அறியாத பழைய செய்நிரல்களுக்கு மேலதிக நினைவகத்தால் யாதொரு பயனும் விளையவில்லை என்பது கருதத்தக்கது.

என் கணினியின் கணக்கு

இவ்வளவும் கூறியபின், “இனி உமது கணினியின் கணக்கை நீரே போடும்” என்றார் நண்பர். என் கணினியில் இருந்தது 32 பிற்றுப் பணிசெயல் முறைமை. 32 பிற்று முகவரியாற் சுட்டத்தக்க அறைகள் 4,294,967,296. அஃதாவது சரியாக 4 கிகாபைற்று. ஆயின் அம்முகவரிகள் யாவும் நினைவகத்துக்கே உரியன அல்ல. திரைக்குப் படம் அனுப்பும் அட்டை முதலாய உறுப்புகளுக்கும் முகவரி வேண்டும். அவையும் அதே நான்கினுள் இடம்பெறுகின்றன. அவ்வுறுப்புகள் கொண்டது முக்கால் கிகாபைற்று அளவு; எஞ்சியது 3.25. ஸ்பெக்ட்ரத்தில் 64இலிருந்து 16 கழிந்து 48 ஆனதும், என் கணினியில் 4இலிருந்து 0.75 கழிந்து 3.25 ஆனதும் ஒரே கணக்கு. இடையே கால் நூற்றாண்டு சென்றது, அளவு பல்லாயிர மடங்கு பெருகியது, விதி மாறவில்லை.

இங்கும் உபாயம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் புரோ என்னும் முறைவழியி 36 பிற்று முகவரிகளை அனுப்ப வல்லது. எனினும் வீட்டுப் பாவனைக்கான 32 பிற்று விண்டோஸ் முறைமைகள் நான்கு கிகாபைற்றுக்கு அப்பாலுள்ள நினைவகத்தைத் திறந்துவிடவில்லை. 64 பிற்று முறைவழியியும் 64 பிற்றுப் பணிசெயல் முறைமையும் ஒருங்கே அமைந்தபோதே பொதுமக்கள் அவ்வெல்லையைக் கடந்தனர். அவை அமைந்தாலும், தாய்ப்பலகை இடந்தராதாயின் முழு நினைவகமும் தோன்றாது.

நினைவகம் கூட்டுவோர் அறிய வேண்டுவன

பழைய கணினிக்கு நினைவகம் வாங்க எண்ணுவோர் பின்வருவனவற்றை முன்னரே ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, முகவரி எல்லை. பணிசெயல் முறைமை 32 பிற்றா, 64 பிற்றா என்பதையும், தாய்ப்பலகை ஏற்கும் பேரளவு யாதென்பதையும் அறிக. 32 பிற்று முறைமையோடு அமைவோர்க்கு மூன்று கிகாபைற்றே பெரும்பாலும் போதியது.

இரண்டாவது, பலகையின் வகை. டீ.டீ.ஆர். 2, டீ.டீ.ஆர். 3 ஆகிய மேசைக் கணினிப் பலகைகள் இரண்டிலும் தொடுமுனைகள் 240. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் முன்னையது 1.8 உவோற்றிலும் பின்னையது 1.5 உவோற்றிலும் இயங்குவன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் செருகாதவாறு வெட்டுத்தடம் வெவ்வேறிடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. பொருந்தாததை வலிந்து அழுத்துவோர் பலகையையும் கணினியையும் ஒருங்கே இழப்பர்.

மூன்றாவது, பொருத்தும் முறை. மின்வடத்தைக் கழற்றியபின், உடலிலுள்ள நிலைமின் நீங்குமாறு பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, பலகையை ஓரங்களிற் பிடித்து, இருபுறக் கொளுவிகளும் தாமே பூட்டிக்கொள்ளும் வரை நேராக அழுத்துக.

நான்காவது, பயன். நினைவகம் போதாதபோது பணிசெயல் முறைமை அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி வைத்துப் பின்னர் மீட்டெடுக்கும். 1962ஆம் ஆண்டில் மன்செஸ்டரிற் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினி முதலாக வரும் முறை இது. நினைவகத்தை நனோசெக்கன் கணக்கில் அணுகலாம். சுழலும் வன்தட்டை அணுக மில்லிசெக்கன்கள் வேண்டும். ஒரு மில்லிசெக்கன் பத்து இலட்சம் நனோசெக்கன் என்பதை நினைத்தால், வன்தட்டின் விளக்கு ஓயாது மினுங்கும் கணினி ஏன் தளர்கின்றது என்பது விளங்கும். அத்தகைய கணினிக்கு நினைவகம் கூட்டுதல் நல்ல மருந்து. வன்தட்டு அமைதியாயிருந்தும் கணினி தளருமாயின், நோய் வேறிடத்தது. நினைவகத்திற் செலவிடும் பணம் வீணே.

இக்கணக்கை விளங்கிக்கொண்ட அன்று மாலையே அக்கடைக்காரரிடம் சென்றேன். அன்று என் கடுஞ்சொற்களைக் கேட்டவருள் ஒருவர் அங்கே இருந்தார். அவர் முன்னிலையிலேயே என் தவற்றைக் கூறிப் பொறுத்தருளுமாறு கேட்டேன். அவர் அதனைப் பெரிதுபடுத்தாது, “அந்தக் கணக்கை இந்தத் தாளிலும் ஒருமுறை எழுதித் தாருங்கள், மாஸ்ரர், அடுத்தவர் வந்து கேட்டாற் காட்டலாம்” என்றார். முப்பத்திரண்டு பிற்றுகளையும் நான்கு கிகாபைற்றையும் முக்கால் கழிந்தமையையும் எழுதிக் கொடுத்தேன். அக்கணினி இன்றும் என் வீட்டில் 3.25 கிகாபைற்றோடு குறைவின்றித் தொழிற்படுகின்றது. பெற்றோர் பொருளை வீணே செலவிடாதிருக்கவும், குற்றமற்றவரைக் குறைகூறாதிருக்கவும் இச்சிறு கணக்கு நம் மாணவர்க்கு உதவுமாயின், இக்கட்டுரையை எழுதிய பயன் எனக்கு எய்தியதாகும்.